தெற்கு என்று எழுதிய இழுப்பறை

அந்த இழுப்பறையைத் திறந்தபோது உள்ளே ஒரு டிபன் டப்பா இருந்தது. மூடி சரியாகப் பொருந்தாமல், இரண்டு சப்பாத்தியும் ஒரு பச்சை மிளகாயும் எட்டிப் பார்த்தன. எனக்கு யோசனை உதித்தது அந்தப் பச்சை மிளகாயைப் பார்த்த நிமிஷத்தில்தான்.

நான் அப்போது எம்.ஏ. வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். எண்பதுகளின் கடைசி, கல்லூரிச் சுற்றுலா, டில்லி. கூட வந்தவர்கள் எல்லாரும் ஸ்வெட்டர் பேரம் பேசப் போய்விட்டார்கள். எங்கள் ஊரான ராஜபாளையத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடந்தால் காய்ச்சல் எத்தனை நாளாக என்றுதான் கேட்பார்கள். எனவே நான் நழுவி, நாட்டுப் பிரிவினையின் வரலாற்றை மட்டும் சேர்த்து வைத்திருக்கும் ஆய்வு நூலகம் ஒன்றுக்குப் போனேன். பழைய பங்களா. அகதி முகாம் அட்டைகள், ரயில் டிக்கெட்டுகள், பேச்சைப் பதிந்த நாடாக்கள், ஒரு கண்ணாடிப் பெட்டி நிறைய வீட்டுச் சாவிகள். பூட்டெல்லாம் அந்தப் பக்கம், சாவியெல்லாம் இந்தப் பக்கம். அந்தப் பெட்டி முன்னால் நின்று சாவிகளை எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டேன்.

சுவரோரம் அட்டவணை அலமாரி. ஒவ்வொரு இழுப்பறையிலும் ஒரு பெயர்: பஞ்சாப், வங்காளம், சிந்து, எல்லைப்புறம். கடைசி வரிசையின் மூலையில் ‘தெற்கு’. அதைத்தான் திறந்தேன்.

“அது என் சாப்பாடு” என்று ஆங்கிலத்தில் ஒரு குரல் வந்தது. நூலகர் அம்மாள். ஐம்பதைத் தாண்டியவர், கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்.

தெற்கைப் பற்றி ஒரு அட்டைகூட இல்லையா என்று கேட்டேன். “உங்களுக்கு என்ன நடந்தது? நீங்கள் பேப்பரில்தானே படித்தீர்கள்?” என்றார். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார். அதனால்தான் இன்னும் சுருக்கென்றது. சொல்லிவிட்டு, கையிலிருந்த அட்டைகளை மறுபடி எண்ண ஆரம்பித்தார். “ஹிக்கு, பா, டே, சார், பஞ்ச, ச, சத்த, அட்ட…” இந்தி மாதிரி ஒலித்தும் இந்தியில் சேராமல் ஓடியது. கேட்டேன். சிந்தியாம். சிறுமியாகக் கப்பலேறி வந்தவராம். இந்தியில் சண்டை போடுவேன், ஆங்கிலத்தில் வேலை பார்ப்பேன், எண்ணிக்கை மட்டும் சிந்தியில்தான் வரும் என்றார்.

நான் அவரிடம் ஒரு சவால் விட்டேன். அதாவது, என் ஆங்கிலத்தில் அது சவால் மாதிரி இருந்தது. அவருக்கு எப்படிக் கேட்டதோ தெரியாது. எங்கள் பக்கத்திலிருந்து ஏதாவது கொண்டுவந்தால் இந்த இழுப்பறையைக் காலி செய்து தருவீர்களா? அவர் டிபன் டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “கொண்டு வா. நான் ஜன்னலில் வைத்துச் சாப்பிடுகிறேன்.”

ஊருக்கு வந்ததும் முதல் காரியமாக அப்பாவின் தறிக்கூடத்தில் ஒரு பழைய இரும்பு பீரோவைப் பிடித்தேன். நாங்கள் நெய்வது ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி. பீரோவுக்குள்ளிருந்த துணிக்கட்டுகளை நான் வெளியே எறிய எறிய, அப்பா ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டி வைத்துக்கொண்டே கேட்டார்.

“ஏட்டி, வடக்க அடிச்சுக்கிட்டான், வெட்டிக்கிட்டான். அதுக்கு இங்க எதுக்கு பீரோ?”

“நம்ம பக்கத்துக்கும் அதுல ஏதாச்சும் பங்கு இருக்கும்ப்பா.”

“இருக்குல்ல. காயம்பட்டவனுக்கெல்லாம் துணி நாமதான் நெய்யுறோம். அத எழுதி உள்ள வச்சுப் பூட்டு. சோலி முடிஞ்சுது.”

போர்டு எழுத வந்தவர் இன்னும் மோசம். ‘பிரிவினை வரலாற்று ஆய்வு நூலகம், தெற்குக் கிளை’ என்று எழுதச் சொன்னேன். தூரிகையை டப்பாவில் தட்டிக்கொண்டே, “கிளைன்னா தலைமை எங்கம்மா இருக்கு?” என்றார்.

“டில்லியில.”

“இப்படி ஒரு கிளை இருக்குன்னு அவியளுக்குத் தெரியுமா?”

“தெரியவரும்.”

கிளையில் மூன்று புத்தகங்கள், பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய ஒரு கட்டு நாளிதழ்கள், ஒரு டேப்ரிகார்டர். டேப்ரிகார்டருக்கு ஒரே ஒரு கேசட். அதில் அக்கா கல்யாணத்து நாதஸ்வரம் இருந்தது. அதன்மேல்தான் பதிந்தேன் என்று அக்காவுக்கு இன்றுவரை தெரியாது. இதைப் படித்தால் தெரியும். வாசகர்களும் வந்தார்கள். ஒருவர் தினமும் வந்து அன்றைய பேப்பர் கேட்டுவிட்டு, நாற்பது வருஷத்துக்கு முந்திய பேப்பரைக் காட்டினால் கோபித்துக்கொண்டு போவார். இன்னொருவர் டைப்ரைட்டிங் பரீட்சையின் பழைய கேள்வித்தாள் கேட்டார்.

நானும் சும்மா இருக்கவில்லை. பக்கத்துச் சோழபுரத்தில், லாகூரில் வேலை பார்த்த பட்டாளத்துக்காரர் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு மொபெட்டை விரட்டிக்கொண்டு போனேன். லாகூரில் இருந்தது உண்மைதான். ஆனால் பிரிவினைக்கு முன்பே மஞ்சள் காமாலை வந்து ஊர் திரும்பிவிட்டார். மஞ்சள் காமாலையைப் பற்றி ரொம்ப நேரம் பேசினார். மரியாதைக்காக ஒரு பக்க நாடாவை அதற்குக் கொடுத்தேன். டில்லி இழுப்பறையில் அந்த அம்மாளின் சப்பாத்தி பத்திரமாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் ஒரு நாள் அப்பா ஏதோ லைசென்ஸ் விஷயமாக என்னை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அனுப்பினார். ஆபீசில் ஆள் இல்லை. நாற்காலி முதுகில் துண்டு மட்டும் இருந்தது. துண்டு இருந்தால் ஆள் வருவார் என்று அர்த்தம். எப்போது என்பது துண்டுக்கும் தெரியாது. நான் பால்கோவாக் கடைகள் இருக்கும் தெருவுக்கு நடந்தேன். ஒரு சின்னக் கடை. முன்னால் கண்ணாடிப் பெட்டி, பின்னால் அடுப்பும் பெரிய இரும்புச் சட்டியும். பால்காரர் கேனிலிருந்து அளந்து அளந்து ஊற்ற, ஒரு அம்மா துடுப்பால் கிண்டியபடியே வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

“ஹிக்கு… பா… டே… சார்… பஞ்ச…”

டில்லி அம்மாளின் அதே எண்ணிக்கை. பத்து வந்ததும் அவர் கரித்துண்டால் சுவரில் ஒரு கோடு போட்டார். மறுபடி ஹிக்கு, பா.

“பெரியம்மா, இது என்ன பாஷை?” என்று கேட்டேன்.

பால்காரர் முந்திக்கொண்டார். “அது தொழில் ரகசியம் பாப்பா. மலையாள மந்திரம். இப்படி எண்ணி ஊத்துனாத்தான் பால் அடிப்பிடிக்காது.”

அந்த அம்மா என் பக்கம் திரும்பக்கூட இல்லை. “அரைக்கிலோவா, ஒரு கிலோவா?” என்றார்.

அவர் பஞ்சவில் நின்றிருந்தார். நான், எனக்கே தெரியாமல், டில்லி அம்மாளின் ராகத்திலேயே மிச்சத்தைச் சொன்னேன்: “ச, சத்த, அட்ட.”

சட்டியில் துடுப்பு நின்றுவிட்டது. பாலைக் கிண்டாமல் நிறுத்துவது அந்தத் தெருவில் கொலைக்குச் சமம். அவர் துடுப்பைப் பால்காரர் கையில் திணித்துவிட்டு, என் கையைப் பிடித்து விறகு அடுக்கியிருந்த உள்ளறைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

“யாருட்டி நீ? போலீஸா?”

“இல்ல பெரியம்மா. நூலகம்.”

“நூலகத்துலருந்து எதுக்கு வாரே? நான் எந்தப் புஸ்தகமும் எடுக்கலையே!”

விளக்கிச் சொன்னேன். டில்லி, இழுப்பறை, சப்பாத்தி, சிந்திக்கார அம்மா, எல்லாம். நான் சொல்லி முடிக்கும்வரை அவர் ஒரு விறகைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். பிறந்தது கராச்சி. அவருடைய அப்பா அங்கே ரயில்வேயில் ஃபிட்டர். அங்கே ஒரு தமிழ்த் தெருவே இருந்ததாம், மாரியம்மன் கோயிலோடு. பக்கத்தில் எருமை வைத்திருந்த சிந்திக்காரி ஒருத்தி. அவள் பால் அளக்கும்போது கூடவே நின்று எண்ணுவது இவருக்கு விளையாட்டு. நாடு பிரிந்த கையோடு குடும்பம் கப்பலேறி பம்பாய், அங்கிருந்து ரயிலேறி அப்பாவின் சொந்த ஊரான ஸ்ரீவில்லிபுத்தூர்.

“எனக்குக் கப்பல்ல வாந்தி எடுத்ததுதான் ஞாபகம். நீ பிரிவினை பிரிவினைங்க. எனக்குப் பிரிவினைன்னா வாந்திதான்.”

எங்கே போனாலும் கூடவே வரும் டேப்ரிகார்டரை என் கை தானாகப் பைக்குள் தேடியது. அவர் பார்த்துவிட்டார்.

“அத வெளிய எடுத்தே, அடுப்புல போட்டுருவேன். என் மகன் சென்ட்ரல் கவர்மெண்டு போலீஸ் வேலைக்குத் தேறிருக்கான். விசாரணைக்கு ஆளு எப்ப வேணாலும் வரும். பள்ளிக்கூடத்துல எனக்குப் பொறந்த ஊரு இந்த ஊருன்னுதான் போட்டிருக்கு. வாத்தியாரு கேக்கக்கூட இல்ல, அவராப் போட்டுக்கிட்டாரு. இப்ப அவன் அம்மா பாகிஸ்தான்ல பொறந்தவன்னு நீ ஒரு எடத்துல பதிஞ்சு வச்சேன்னு வையி, அவன் பொழப்பு போச்சு.”

“நீங்க பொறந்தப்போ பாகிஸ்தானே கிடையாதே பெரியம்மா. அது நம்ம நாடுதான.”

“அத நீ வந்து கான்ஸ்டபிள்ட்ட சொல்லுவியா? வகுப்பெடுப்பியா?”

“பேர் போட மாட்டேன்.”

“சரி. இந்த ஊர்ல பால்கோவா கிண்டுற பொம்பளைல கராச்சில பொறந்தவ எத்தன பேரு?”

“…ஒருத்தர்.”

“அப்போ பேரு எதுக்கு?”

வரலாற்று ஆய்வு முறைகள் என்று எங்களுக்கு ஒரு பேப்பரே இருந்தது. அதில் நல்ல மார்க் வாங்கியிருந்தேன். இந்தக் கேள்வி மட்டும் அதில் வரவில்லை. நான் வாயே திறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்து, ஒரு கிலோ பால்கோவாவும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். லைசென்ஸ் வேலை நடக்கவில்லை. அப்பா பால்கோவாவைத் தின்றுகொண்டே திட்டினார்.

அதற்குப் பிறகு அடிக்கடி அங்கே போனேன், வெறும் வாடிக்கையாளராக. போகும்போதெல்லாம் பால்கோவா வாங்கித் தின்று என் ரவிக்கையெல்லாம் இறுகிப்போன காலம் அது. அவர் கராச்சியைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டார், நானும் கேட்க மாட்டேன். “விசாரணைக்கு ஆள் வந்தாச்சா?” என்பேன். “இன்னும் இல்ல” என்பார். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. மகன் வீட்டுக்குள் உட்கார்ந்து வயதாகிக்கொண்டிருந்தான். வேறு வேலைக்கும் போக முடியாது, இந்த வேலையும் வந்தபாடில்லை.

ஆள் வந்த அன்று நானும் கடையில் இருந்தேன். மீசையைப் பார்த்ததுமே தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. கான்ஸ்டபிள் பெஞ்சில் உட்கார்ந்தார். கேட்காமலேயே ஒரு இலையில் பால்கோவா வந்தது. பையன் எப்படி, சேர்க்கை எப்படி, எத்தனை வருஷமாக இந்தத் தெரு என்று கேட்டார். தெரு பதில் சொன்னது. எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது பால்காரர் வந்துசேர்ந்தார். மூடியைத் திறந்தார், ஊற்றினார். பெரியம்மாவின் வாய், நாற்பது வருஷத்துப் பழக்கம், தானாக எண்ண ஆரம்பித்தது.

“ஹிக்கு… பா… டே…”

அதற்குள் அவருக்கே உறைத்துவிட்டது. நின்றுவிட்டார். ஆனால் கான்ஸ்டபிள் இலையைக் கீழே வைத்துவிட்டார்.

“என்னம்மா இது? வேற பாஷையா இருக்கு?”

பெரியம்மா துடுப்பைப் பிடித்தபடி சட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றார். நான் நூலகம், நான் பேசக்கூடாது. பால்காரர்தான் தொண்டையைக் கனைத்தார். “மலையாள மந்திரம் சார். அடிப்பிடிக்காம இருக்க. அந்தக் காலத்துலருந்தே இந்தக் கடையம்மாட்ட மட்டும்தான் இருக்கு.”

எதிர்க் கடைக்காரருக்கு இது பொறுக்கவில்லை. துடுப்போடு தெருவுக்கு வந்தார்.

“ஏலே, சும்மா அவுத்துவிடாத. அது எங்க கடை மந்திரம். எங்கய்யா மலையாளத்துலருந்து கொண்டாந்தது. கேளுங்க சார்: இக்கு, பா, டே, சாரு, பஞ்சு, சா, சத்து, அட்டு…”

“அட்டு இல்லவே, அட்ட!” என்று பக்கத்துக் கடை அடுப்படியிலிருந்து ஒரு ஆள் கத்தினார். “தப்பாச் சொன்னாப் பால் திரிஞ்சிரும். உம்ம பால்கோவா ஏன் திரிதிரியா இருக்குன்னு இப்பல்லா தெரியுது!”

“என் பால்கோவாவையா சொல்லுத? உன் கோவாவ நாய் மோந்துட்டுப் போகுது!”

அதற்கப்புறம் தெருவே கிளம்பிவிட்டது. ஒவ்வொரு கடையிலிருந்தும் ஒருவர் வந்து தங்கள் மந்திரம்தான் அசல் என்று முழுசாக எண்ணிக் காட்டினார். பெரியம்மாவிடம் கிண்டுவதற்கு இருந்தவர்கள் வேறு கடைகளுக்கு வேலை மாறிப் போகும்போது எண்ணிக்கையையும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். மிச்சக் கடைகளுக்குப் பால்காரர்கள் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள். அவருடைய கோவா அடிப்பிடிக்காமல் வந்ததற்குக் காரணம் அவர் ஒரு நொடிகூடத் துடுப்பை விடாததுதான். அது கஷ்டமான வேலை, எண்ணுவது சுலபம். எனவே தெரு எண்ணிக்கையைத் திருடியிருந்தது.

கான்ஸ்டபிள் இரண்டாவது இலையையும் முடித்தார். “நம்ம வீட்டுல பால் தினமும் அடிப்பிடிக்குது. அந்த முத அஞ்ச மட்டும் செத்த மெதுவாச் சொல்லுங்க” என்றார். எதிர்க் கடைக்காரர் சொல்லிக் கொடுத்தார். இந்திய அரசின் விசாரணை, சைக்கிளை மிதித்துக்கொண்டு, சிந்தியில் ஐந்து வரை எண்ணிக்கொண்டே தெருமுனை திரும்பியது.

பெரியம்மா விறகு அறைக்குள் போய் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நடுவில் கொஞ்சம் அழுதார் என்று நினைக்கிறேன். விறகுப் புகை என்றார்.

எனக்கு அங்கேயே பொறி தட்டியது. “பெரியம்மா, நீங்க ஒருத்தர்தான், அதனால பேர் எதுக்குன்னு கேட்டீங்களே. இப்போ தெருவே எண்ணுதே. தெருவையே பதிஞ்சுட்டா?”

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “என்னையத் தனியாக் கேக்கக் கூடாது.”

“கேக்க மாட்டேன்.”

“அப்போ பதிஞ்சுக்கோ. எல்லாவனும் சொல்லுதான், நானும் அதுல ஒருத்தியாச் சொல்லிட்டுப் போறேன்.”

மறுவாரம் டேப்ரிகார்டரோடு கடை கடையாகப் போனேன். தொழில் ரகசியத்தை இவ்வளவு ஆர்வமாக மைக்கில் சொல்லும் மனிதர்களை நான் பார்த்ததே இல்லை. ஒருவர் ராகம் போட்டுப் பாடினார். ஒருவர் நடுவில் தன் கடைக்கு விளம்பரமும் சேர்த்துக்கொண்டார். அதை வெட்ட எனக்கு மனம் வரவில்லை. வரிசையில் எங்கேயோ பெரியம்மாவும் வந்தார், எண்ணினார், போனார். பின்னணியில் அங்கங்கே அக்கா கல்யாணத்து நாதஸ்வரம் அழியாமல் மிச்சம் இருந்தது. கேசட்டை ரிஜிஸ்டர் தபாலில் டில்லிக்கு அனுப்பினேன். ‘தமிழ்நாட்டின் ஓர் இனிப்புத் தெருவில் பால் அளக்கும் முறை. சொல்பவர்களின் பெயர்கள் இல்லை, கேட்கவும் வேண்டாம்’ என்று ஒரு சீட்டு.

பதில் வர மாதங்கள் ஆயின. அதற்குள் பெரியம்மாவின் மகனுக்கு உத்தரவு வந்து, தலையை ஒட்ட வெட்டிக்கொண்டு பயிற்சிக்குப் போய், அதையும் முடித்துவிட்டான். பெரியம்மா தெரு முழுக்க இனிப்பு கொடுத்தார். பால்கோவாத் தெருவில் பால்கோவாவை யார் வாங்குவார்கள்? எனவே ஜிலேபி.

டில்லி அம்மாளின் பதிலில் மூன்றே விஷயம். ஒன்று, நாடாவைத் தனியாக உட்கார்ந்து இரண்டு தரம் கேட்டார். இரண்டு, டிபன் டப்பா ஜன்னலுக்குப் போய்விட்டது. மூன்று, ஒரு கேள்வி: இவர்கள் எல்லாரும் ஏன் பத்தோடு நிற்கிறார்கள்? கீழே அவருடைய வீட்டு ஃபோன் நம்பர்.

அன்றைக்கே பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய், கேள்வியைத் தமிழில் சொன்னேன். பெரியம்மா கிண்டிக்கொண்டிருந்தார். துடுப்பு நிற்கவில்லை, ஆனால் மெதுவானது.

“பத்துக்கு மேல எனக்கு வரலட்டி. கராச்சில அந்த எருமக்காரப் பொம்பள பத்து எண்ணி ஒரு கோடு போடுவா. மறுபடி ஒண்ணுலருந்து. ஆனா அவ மகன் எனக்குப் பதினொண்ணு, பன்னெண்டெல்லாம் சொல்லிக் குடுத்திருந்தான். இருபது வரைக்கும் தெரியும் எனக்கு. கப்பல்லகூடச் சொல்லிக்கிட்டே வந்தேன். பொறவு எங்கயோ விட்டுப்போச்சு.” சட்டியைப் பார்த்தபடியே சொன்னார்: “நான் மறந்ததுக்கு இந்தத் தெருவே பத்தோட நின்னுபோச்சு பாரு.”

நான் சுவரிலிருந்த கரிக்கோடுகளைப் பார்த்தேன்.

“அந்த டில்லிக்காரிக்குப் பதினொண்ணு தெரியுமா?”

“தெரியும் பெரியம்மா. அவங்க கட்டுக்கட்டா அட்டை எண்ணுறவங்க.”

“கேக்கணுமே.”

இதை எழுதிக்கொள்ளலாமா என்று அவரிடமே கேட்டேன். மகன் வேலையில் உட்கார்ந்தாச்சு, எழுதிக்கோ, எந்தக் கடை என்று மட்டும் சொல்லாதே என்றார். சொல்லவில்லை. தேடிக்கொண்டும் போகாதீர்கள், எந்தக் கடையில் கேட்டாலும் எங்கள் மந்திரம்தான் அசல் என்பார்கள்.

ஃபோனுக்கு ஞாயிற்றுக்கிழமை கட்டணம் குறைவு என்பதால் வருகிற ஞாயிறு கூப்பிடுவதாக வைத்திருக்கிறோம். பெரியம்மாவின் ஊர் எஸ்.டி.டி. பூத் வேண்டாமாம், பூத்துக்காரர் ஒரு பால்கோவாக் கடைக்காரருக்கு மச்சானாம். எனவே ராஜபாளையம், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கண்ணாடிக் கதவு சரியாக மூடும் பூத். பெரியம்மாவுக்குத் தமிழும் பத்து சிந்திச் சொல்லும் தெரியும், டில்லி அம்மாளுக்குத் தமிழ் தெரியாது. நடுவில் நான் என் ஆங்கிலத்தோடு நிற்க வேண்டும். லைன் கிடைக்குமா தெரியாது. அந்த அம்மா வீட்டில் இருப்பாரா தெரியாது. கூப்பிடப் போகிறோம் என்று தந்தி கொடுத்திருக்கிறேன். அப்பா வேறு, ஒரு சொல்லை வாங்க டில்லிக்கு ஃபோனா என்று கேட்டுவிட்டு, தானும் பூத்துக்கு வருவதாகச் சொல்கிறார்.

“டேப்ரிகார்டர் கொண்டு வரவா பெரியம்மா?”

“கொண்டா. ஆனா எங்கிட்டக் கேட்டுட்டு அமுக்கு.” பிறகு விரலை நீட்டிக் கண்டிப்பாகச் சொன்னார்: “இந்த வாரம் பதினொண்ணு மட்டும்தான். மனசுல நல்லா ஒக்காரட்டும். பன்னெண்டு அடுத்த வாரம்.”